டீசலும் ஐஸும் போக மிச்சம் எவ்வளவு? டெலிகாம் ஷேர்ல டிவிடெண்டுக்கும் வளர்ச்சிக்கும் பணம் போடுறது எப்படி

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல இருக்க, கடலுக்குப் போற என் மச்சான் போன வாரம் கேட்டான், எல்லார் கையிலயும் போன் இருக்கு, ரீசார்ஜ் பண்ணாம யாரும் இருக்க முடியாது, அப்ப அந்தக் கம்பெனி ஷேர வாங்கிப் போட்டா மீன்பிடித் தடைக்காலத்துல டிவிடெண்ட வச்சே வீட்ட ஓட்டிரலாம்ல அப்படின்னு. நல்ல கேள்விதான். ஆனா அவன் நினைக்கிற மாதிரி அது ஓடாது, ஏன் ஓடாது, அப்புறம் எப்படிப் போட்டா உருப்படியா இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். நான் பங்குச்சந்தையக் கண்காணிக்கிற செபில பதிவு பண்ண ஆலோசகர் கிடையாது, சொந்தக் காசப் போட்டுப் படிச்சது, அவ்வளவுதான்.

முதல்ல டிவிடெண்ட்னா என்ன. நம்ம பக்கம் பங்குன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படகு, நாங்க போட்டுன்னு சொல்லுவோம், கடலுக்குப் போயிட்டு வந்து ஏலத்துல ஒரு லட்சத்துக்கு மீன் போச்சுன்னா அந்த ஒரு லட்சமும் பங்கு ஆகாது, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழிச்சு, போட்டுக்கு, வலைக்குன்னு எடுத்தது போக மிச்சம்தான் ஆளுக்குப் பிரியும். வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருந்தா இன்னும் கஷ்டம், மீனும் அவருக்கு, வெலையும் அவர் சொல்றதுதான். டெலிகாம் கம்பெனியும் அப்படியே. நாம கட்டுற ரீசார்ஜ் ஏலத்தொகை மாதிரி. டவர் வாடகை, கரண்ட், அலைக்கற்றைக்கு அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய தவணை, பேங்க் கடன் வட்டி, இதெல்லாம் கழிஞ்ச பிறகு என்ன மிஞ்சுதோ அதுலதான் நமக்கு டிவிடெண்ட். அதனால பாடு, அதாவது வரவு, எவ்வளவுன்னு பாக்காம, முன்பணம், அதாவது கடன், எவ்வளவு வாங்கியிருக்காங்கன்னு மொதல்ல பாருங்க.

இதுக்கு நல்ல உதாரணம் நம்ம கண்ணு முன்னாடியே நடந்திருக்கு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு, டேட்டா வெல விழுந்துச்சு, 2018ல ஏர்செல் திவால் மனு போட்டுச்சு, அதே வருஷம் வோடஃபோனும் ஐடியாவும் ஒண்ணாச்சு. அத்தன கம்பெனி இருந்த இடத்துல கடைசில ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல்னு நாலுதான் மிச்சம். அதுக்கு மேல 2019 அக்டோபர் 24ஆம் தேதி ஏஜிஆர் தீர்ப்பு, அதாவது அரசாங்கத்துக்குக் கட்டுற பங்கக் கணக்குப் போடும்போது டெலிகாம் அல்லாத வருமானத்தையும் சேர்க்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. ஏர்டெல் 2019-20ல மட்டும் 32,000 கோடிக்கு மேல நட்டம் காமிச்சுச்சு. வோடஃபோன் ஐடியா பாக்கியக் கட்ட முடியாம, பாக்கியவே ஷேரா மாத்திக் குடுத்துச்சு, 2025 ஏப்ரல்ல 36,950 கோடிக்கு அப்படி மாத்தினதுல அரசாங்கத்தோட பங்கு கிட்டத்தட்ட 49 சதவீதம் ஆச்சு. கடல்ல இருக்க மீன் அதேதான், ஆனா போட்டுல ஏறி பங்கு கேக்குற ஆளு கூடிட்டா ஒவ்வொருத்தருக்கும் கொறஞ்சிரும்ல, அதான் இது. ஷேர் பத்து ரூபாய்க்குக் கிடைக்குது, சீப்புன்னு சொல்லி இதுல டிவிடெண்டுக்காக யாரும் போயிராதீங்க, தயவுசெஞ்சு.

இப்ப கணக்குக்கு வருவோம். ஏர்டெல் 2021-22க்கு ஷேருக்கு 3 ரூபா குடுத்துச்சு, அடுத்த வருஷம் 4, அதுக்கடுத்து 8, 2024-25க்கு 16. பாக்க அருமையா இருக்கு. ஆனா ஷேர் வெல 1,700னு வச்சுக்கிட்டா, ஒரு லட்சத்துக்கு 58 ஷேர் வரும், வருஷத்துக்கு 928 ரூபா. அவ்வளவுதாங்க. ஒரு சதவீதம்கூட முழுசா இல்ல, பேங்க்ல எஃப்டி போட்டா இத விடப் பல மடங்கு வட்டி வரும். அதனால இன்னைக்கு வாங்குறவங்களுக்கு இது வருமான ஷேர் இல்ல, வளர்ச்சி ஷேர், டிவிடெண்ட் அதோட கூட வர்றது. அதே 2021ல ரைட்ஸ் இஷ்யூல, அதாவது ஏற்கனவே ஷேர் வச்சிருக்கவங்களுக்குக் கம்பெனி புதுசா ஷேர் குடுத்தப்ப, 535 ரூபாய்க்கு எடுத்தவங்க கணக்குல அதே 16 ரூபா கிட்டத்தட்ட 3 சதவீதம். அப்ப டிவிடெண்ட் ருசிக்கணும்னா நாலஞ்சு வருஷம் காத்திருக்கணும், அந்தக் காத்திருப்பு முடியாதவங்க இதுல வர வேண்டாம்.

மச்சானோட தடைக்காலக் கணக்கு இன்னொரு இடத்துலயும் தட்டுது. நமக்குத் தடை ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை, 61 நாள். கம்பெனி மார்ச்ல வருஷக் கணக்க முடிச்சு, மே மாசம் டிவிடெண்ட அறிவிச்சு, பொதுக்குழு முடிஞ்சுதான் குடுக்கும். ஏர்டெல்லுக்கு 2025ல ரெக்கார்ட் டேட்டே, அதாவது யார் பேர்ல ஷேர் இருக்குன்னு பாத்து டிவிடெண்டுக்குக் கணக்கெடுக்குற தேதியே, ஜூலை 18. அதாவது போட்டு கடலுக்குப் போயி ஒரு மாசம் ஆன பிறகு. அடுப்பு எரிய வேண்டிய மாசத்துல வராத காச நம்பி எதையும் பிளான் பண்ணக் கூடாது. தடைக்காலச் செலவ தனியா பேங்க்லயோ போஸ்ட் ஆபீஸ்லயோ வச்சிருங்க, வலை வாங்குற காசு, எஞ்சின் வேலைக்கு வச்ச காசு, சீட்டுக் கட்டுற காசு இதுல எதையும் தொடாதீங்க. அஞ்சு வருஷம் வரை தேவப்படாத காசுன்னு ஒண்ணு இருந்தா அது மட்டும்.

சரி, எத வாங்குறது. ஜியோ வேணும்னா, நான் இத எழுதும்போது அது தனி ஷேரா சந்தையில இல்ல, ரிலையன்ஸ் ஷேரத்தான் வாங்கணும், அதுல பெட்ரோலியம், கடை எல்லாம் சேந்தே வரும். பிஎஸ்என்எல் சந்தையில இல்ல. பார்தி ஹெக்ஸாகாம்னு ஒண்ணு 2024 ஏப்ரல்ல 570 ரூபாய்க்கு ஐபிஓ, அதாவது மொதமொதலா பொதுமக்களுக்கு ஷேர் விக்க, வந்துச்சு, ஏர்டெல் குடும்பம்தான், ஆனா ராஜஸ்தானும் வடகிழக்கும் மட்டும். டாடா கம்யூனிகேஷன்ஸ் பழைய விஎஸ்என்எல், கடலுக்கடியில கேபிள் போட்டு கம்பெனிகளுக்கு சேவை குடுக்குறவங்க, ரீசார்ஜ் போட்டியில அவ்வளவா சிக்காது, டிவிடெண்ட் 2022-23க்கு 21, அடுத்து 16.70, அடுத்து 25ன்னு ஏறி இறங்கும். டவர் கம்பெனி இண்டஸ் டவர்ஸ் தனிக் கதை, 2021-22ல ஷேருக்கு 11 ரூபா குடுத்துட்டு அடுத்த ரெண்டு வருஷம் ஒண்ணுமே குடுக்கல, பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர் வாடகை பாக்கி வச்சதுதான் காரணம், பிறகு 2024ல 465 ரூபாய்க்குப் பைபேக் பண்ணுச்சு, அதாவது தன்னோட ஷேரத் தானே திரும்ப வாங்கிச்சு. ஒரு வருஷத்து டிவிடெண்ட மட்டும் பாத்து வாங்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு இத விட ஒண்ணும் வேண்டாம்.

நான் செஞ்ச தப்பையும் சொல்லிடுறேன். பேர் வேணாம், ஒரு கம்பெனி டிவிடெண்ட் அறிவிச்சிருச்சுன்னு எக்ஸ் டேட்டுக்கு, அதாவது அன்னைக்கு வாங்கினா அந்த டிவிடெண்ட் கிடைக்காதுங்கிற தேதிக்கு, மொத நாள் ஓடிப்போயி வாங்கினேன். டிவிடெண்ட் வந்துச்சு. ஆனா எக்ஸ் டேட் அன்னைக்கு காலைலயே ஷேர் வெல கிட்டத்தட்ட அதே அளவு இறங்கித்தான் தொறந்துச்சு, அதுக்கு மேல வந்த டிவிடெண்டுக்கு வரி வேற. காசு ஒரு பாக்கெட்ல இருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாறினதுதான் மிச்சம். அப்ப வீட்ல கையில இருந்த சேமிப்பு அது, இன்னமும் மனசு கேக்க மாட்டேங்குது. இப்ப செட்டில்மெண்ட், அதாவது வாங்கின ஷேர் நம்ம கணக்குக்கு வர்றது, அடுத்த வேலை நாளே முடியறதால ரெக்கார்ட் டேட்டும் எக்ஸ் டேட்டும் ஒரே தேதிதான், அதுக்கு மொத நாளுக்குள்ள வாங்கியிருந்தாத்தான் டிவிடெண்ட் வரும், இது தெரிஞ்சுக்கறதுக்கு மட்டும், தேதியத் தொரத்துறதுக்கு இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க, எல்லாம் எக்ஸ்சேஞ்ச் வெப்சைட்லயும் கம்பெனி காலாண்டு அறிக்கையிலயும் சும்மாவே கிடைக்கும். ஆர்ப்பு, அதாவது ஒரு ஆளுகிட்ட இருந்து மாசம் சராசரியா வர்ற வருமானம், ஏர்டெல்லுக்கு 2024 மார்ச் காலாண்டுல 209, ஒரு வருஷத்துல 245. எப்படி ஏறுச்சுன்னு நமக்கே தெரியும், 2024 ஜூலைல 179 ரூபா பிளான் 199 ஆச்சுல்ல, நம்ம கையில இருந்து போனதுதான் அங்க ஏறியிருக்கு. ரெண்டாவது கடன், அது வருஷா வருஷம் இறங்குதா. மூணாவது, டவருக்கும் அலைக்கற்றைக்கும் செலவழிச்சது போக கையில நிக்கிற ரொக்கம், இத லாபத்த விட நான் பெருசா நம்புவேன், லாபம் பேப்பர்ல இருக்கும், ரொக்கம்தான் பிரிக்க முடியும். நாலாவது, தொலைத்தொடர்பு ஆணையம் டிராய் மாசாமாசம் வெளியிடுற சந்தாதாரர் கணக்கு, அதுல மொத்த சிம்மப் பாக்காம உண்மையில ஓடிக்கிட்டிருக்க சிம் எத்தனன்னு பாருங்க.

வாங்கும்போது ஒரே நாள்ல கொட்டாதீங்க. மாசச் சம்பளக்காரங்களுக்கு மாதம் இவ்வளவுன்னு சொல்லுவாங்க, நமக்கு அது சரிப்படாது, கச்சான் காத்து அடிக்கிறப்ப ஒரு வாரம் பூரா போட்டு கரையில கெடக்கும். பாடு நல்லா இருந்த மாசம் ரெண்டு ஷேர், இல்லாத மாசம் ஒண்ணுமில்ல, அப்படியே போங்க. ஒரே துறையில மொத்தப் பணத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல போடாதீங்கன்னு நான் வச்சிருக்க அளவு, டெலிகாம்ல அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தா எல்லா கம்பெனியும் சேந்து ஆடும்.

ஷேர் வச்சிருக்கிற டீமேட் கணக்கு தொறக்கும்போது பேங்க் அக்கவுண்ட் சரியா இணைஞ்சிருக்கா பாருங்க, டிவிடெண்ட் நேரா அங்கதான் வரும். ஏழு வருஷம் வாங்காமக் கெடந்தா அந்த டிவிடெண்டும் ஷேரும் அரசாங்க நிதிக்குப் போயிரும், திரும்ப வாங்க அலையணும். நாமினி கண்டிப்பாப் போடுங்க, கடலுக்குப் போற வீடுங்க இத நாளைக்குன்னு தள்ளக் கூடாது, வீட்டம்மாவுக்கு எந்த புரோக்கர், எந்த நம்பர்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருங்க.

வரி விஷயம் சுருக்கமா: டிவிடெண்ட் உங்க வருமானத்தோட சேரும். 2025-26 கணக்குல ஒரே கம்பெனில இருந்து வருஷத்துக்கு 10,000 தாண்டினா 10 சதவீதம் பிடிப்பாங்க. ஒரு வருஷத்துக்கு மேல வச்சு வித்தா, வருஷத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்ல, அதுக்கு மேல 12.5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள்ள வித்தா 20. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துல இருந்து வளைகுடா நாட்டுக்குப் போயிருக்க காக்காமாருக்கு, அதாவது அண்ணன்மாருக்கு, தனியாச் சொல்றேன், ஊர்ல இருக்கும்போது தொறந்த சாதா டீமேட்ட அப்படியே ஓட்டாதீங்க, வெளிநாட்டுல இருக்கவங்களுக்கான என்ஆர்ஐ கணக்கா மாத்தணும், டிவிடெண்டுல பிடிக்கிற வரியும் உங்களுக்கு வேற.

வாட்ஸ்அப்புல, டெலிகிராம்ல ஷேர் சொல்றேன்னு சேக்குற குரூப்ப விட்டு இன்னைக்கே வெளிய வாங்க, ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க. மச்சானுக்கு நான் கடைசியாச் சொன்னது, ஆறு மாசச் செலவு பேங்க்ல சேந்த பிறகு வா, ரெண்டு பேரும் உக்காந்து அந்த வருஷாந்திர அறிக்கையில கடன் பக்கத்த மொதல்ல படிப்போம்னு. சரின்னுட்டான், இந்த சீசன் முடியட்டும்னு இருக்கான்.