கராஜுக்குள் படகு: அரை அடி இடிக்கிறதா?

அமெரிக்காவில் பல வீட்டு கராஜ்களின் கதவு உயரம் 7 அடி, உள்நீளம் 20 முதல் 24 அடி. '19 அடி படகுதானே, தாராளமாகப் போகும்' என்று நம்பிவிடாதீர்கள். அது படகின் உடல் நீளம் மட்டுமே. படகைச் சுமக்கும் டிரெய்லரில் வண்டியோடு இணைக்கும் முன்கம்பி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டார் எல்லாம் சேர்த்து நுனியிலிருந்து நுனி வரை டேப் பிடியுங்கள்.

நீளத்துக்கு நல்ல வழி, முன்கம்பியை மடிக்கும் கீல். பக்கவாட்டில் மடித்தால் சுமார் 2 அடி மிச்சமாகும். படகோடு சேர்த்து டிரெய்லரின் முழு எடையைத் தாங்கும் தரமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கி கீலுக்குப் பின்னால், அதாவது படகுப் பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மடித்ததும் தாங்க ஆளிருக்காது!

அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) மோட்டார் என்றால், உள்ளே போனபின் கீழே இறக்கிவிடுங்கள். தூக்கிய நிலையில்தான் அது அதிகம் பின்னால் நீளும். முன்கூட்டியே இறக்கினால் வாசல் சரிவில் தரை தட்டும். அப்படியும் இடிக்கிறதா? குறுக்காக, மூலைக்கு மூலை நிறுத்திப் பாருங்கள். இரண்டு கார் கராஜில் அதற்கு இடமிருக்கும், ஆனால் காருக்கு இருக்காது.

உயரத்துக்கு படகின் முன்கண்ணாடியையும் மேற்கூரைக் கம்பியையும் மடித்தாலே பெரும்பாலும் போதும். உயரத்தைக் குறைக்க டயர் காற்றை இறக்குவது எனக்குப் பிடிக்காத வேலை.

அப்புறம், பெட்ரோல் ஆவி தரையோடு பரவும். அதே கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தால் படகை வெளியிலேயே வையுங்கள்.