சத்துவாச்சாரி பின்கோடைக் காரணிப்படுத்துவது எப்படி?

பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையன் போன வாரம் நோட்டோடு வந்து நின்றான். "அண்ணா, அவங்கவங்க வீட்டுப் பின்கோடைப் பகாக் காரணியா பிரிச்சிட்டு வரச் சொல்லியிருக்காங்க." எங்கள் வேலூர் சத்துவாச்சாரிக்கு 632009. ஐந்து நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தேன். தட்டிலிருந்த தோசை ஆறிப்போனது.

முதலில் 2, 3, 5. எண் ஒற்றைப்படை, இலக்கங்களைக் கூட்டினால் 20, கடைசி இலக்கம் 9. ஆக இந்த மூன்று எண்களில் எதனாலும் வகுபடாது. 7-க்குக் கால்குலேட்டரே வேண்டாம். 630000, 2009 என்று பிரித்துப் பாருங்கள், இரண்டுமே 7-ஆல் வகுபடும். ஈவு 90287. அதை 7, 11, 13 வகுக்காது, 17 வகுக்கும். ஈவு 5311.

நான் சறுக்கியது இங்கேதான். 19, 23, 29 என்று 43 வரை வகுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் மீதி. "சரி, இது பகா எண்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் பெரிய தப்பு! எங்கே நிறுத்துவது என்பதை நம் அலுப்பு முடிவு செய்யக்கூடாது, வர்க்கமூலம் முடிவு செய்ய வேண்டும். ஓர் எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கலாக எழுதினால், சின்னது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 5311-இன் வர்க்கமூலம் 73-க்குச் சற்றுக் கீழே. அதனால் 71 வரை பார்த்தே ஆக வேண்டும். நான் விட்ட இடத்துக்கு அடுத்த பகா எண் 47, அதிலேயே 113 கிடைத்திருக்கும். 113-க்கு வர்க்கமூலம் 11-ஐக்கூட எட்டாது. 7 வரை பார்த்தால் போதும், பகா எண்.

632009 = 7 × 17 × 47 × 113

எந்தக் காரணியும் இரண்டாம் முறை வரவில்லை. ஆகவே மொத்த வகுத்திகள் 2 × 2 × 2 × 2 = 16; இதில் 1-உம் 632009-உம் அடக்கம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ஃபேக்டர் கட்டளையை (factor 632009) கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் விடை வரும். சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பேப்பரும் போன் கால்குலேட்டரும்தான் பிடிக்கும், ஏனென்றால் அப்படிக் கிறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இது கண்ணில் பட்டது: 795-இன் வர்க்கம் 632025. அதில் நம் பின்கோடைக் கழித்தால் 16, அதாவது 4-இன் வர்க்கம். இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் பள்ளிச் சூத்திரம்தான்: (795 − 4) × (795 + 4) = 791 × 799. ஒரே வரியில் எண் இரண்டாக உடைந்துவிட்டது! 791 என்பது 7 × 113. 799 என்பது 17 × 47. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 17-ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன வழி. இரண்டு காரணிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இவ்வளவு சீக்கிரம் முடியும். நம்ம ஏரியாவுக்கு அந்த அதிர்ஷ்டம்.

பின்சேர்க்கை: காந்தி நகரிலிருந்து ஒருவர் 632006-ஐ இப்படி இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத எத்தனை வர்க்கம் போட்டும் வரவில்லையே என்று கேட்டிருந்தார். வராது. எந்த வர்க்கத்தை 4-ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1தான். அப்படிப்பட்ட இரண்டைக் கழித்தால் மீதி 2 வர வழியே இல்லை, 632006-க்கோ மீதி 2. முதலில் அந்த ஒரு 2-ஐ வெளியே எடுத்துவிட்டு, 316003-இல் ஆரம்பியுங்கள்.