இத்தாலிய ஹோட்டலில் பிறந்தநாள்: பாதி வேலை போனிலேயே முடியும்

பாட்டி முதல் பேரன் வரை எட்டுப் பேர். இடம், சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் இத்தாலிய உணவகம். இப்படிப்பட்ட விருந்து சொதப்பினால், முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு வாரம் முன்பே டேபிள் சொல்லிவிடுங்கள். சனி, ஞாயிறு என்றால் இன்னும் முன்பே. வெளியிலிருந்து கேக் கொண்டுவரலாமா, அதை வெட்டிப் பரிமாறத் தனிக் கட்டணம் உண்டா என்று அப்போதே கேளுங்கள். பூச்சட்டி மாதிரி பொறி பறக்கும் மெழுகுவத்தி வேண்டாம். கூரையில் புகையைக் கண்டால் அலறும் கருவி இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு எட்டுப் பேருக்கு அரைக் கிலோ கேக் தாராளம். ஒரு கிலோ வாங்கினால் பாதி வீட்டுக்குத்தான் திரும்பும்.

அடுத்தது சைவம். மெனுவில் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரிக்கச் சேர்ப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும், விதி அது. பச்சைப் பசேலென்ற பெஸ்டோ சாஸிலும் அந்தச் சீஸ்தான் வழக்கம். குழைய வேகவைக்கும் அரிசி உணவான ரிசோட்டோவில் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள், சிக்கன் ஸ்டாக்கும் (கோழி வேகவைத்த சாறு) இருக்கலாம். பன்னா கோட்டா என்ற க்ரீம் இனிப்பை உறைய வைப்பது, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். காபி மணக்கும் இனிப்பான டிராமிசுவில் பச்சை முட்டை, பல இடங்களில் மதுவும் உண்டு. சுத்த சைவக்காரர் ஒருவர் வந்தாலும், “ரென்னெட், ஸ்டாக், ஜெலட்டின், முட்டை, ஒயின்” என்று ஐந்தையும் பெயர் சொல்லிப் போனிலேயே கேட்டுவிடுங்கள். “வெஜ் இருக்கா?” என்று மொத்தமாகக் கேட்டால் “இருக்கு சார்” என்றுதான் பதில் வரும்.

ஆளுக்கொரு தட்டு என்று ஆர்டர் செய்யாமல், நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு ஆன்டிபாஸ்டி (ஸ்டார்ட்டர்) 3, பீட்சா 2, பாஸ்தாவும் ரிசோட்டோவுமாக 4, மீனோ கறியோ 2 போதும். பாஸ்தாவை லேசாகக் கடிபடும் பதத்தில்தான் இறக்குவார்கள். பெரியவர்கள் “வேகவே இல்லையே” என்பார்கள். அவர்களுக்கு உருளைக்கிழங்கில் செய்த நியோக்கியோ, தட்டைப் பாஸ்தாவை அடுக்கிச் சுடும் லசான்யாவோ சொல்லுங்கள். நியோக்கி நம் அம்மிணிக் கொழுக்கட்டை போல மெத்தென்று இருக்கும், பல்லுக்கு வேலையே இல்லை.

நேரக்கணக்கு தவறுவதும் இங்கேதான். விறகு அடுப்பில் நேப்பிள்ஸ் பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். ரிசோட்டோவுக்கு 18 முதல் 20 நிமிடம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னால் ஒன்று ஆறிப்போகும், இன்னொன்றுக்குக் காத்திருக்க வேண்டும். “பீட்சாவை ஸ்டார்ட்டரோடு கொடுங்க, மற்றதை அப்புறம்” என்று சொல்லிவிடுங்கள். நல்ல ரிசோட்டோ தட்டைத் தட்டினால் அலை மாதிரி மெதுவாகப் பரவும். சில நிமிடம் விட்டால் ஆறிய பொங்கல் மாதிரி இறுகிவிடும். ஆகவே போட்டோ, வாழ்த்துப்பாட்டு எல்லாம் அது வருவதற்கு முன்போ, கேக் நேரத்திலோ. கேக்கை எப்போது கொண்டுவர வேண்டும் என்பதை ஒரே ஒருவர் மட்டும் சூப்பர்வைசரிடம் சொல்லட்டும். மூன்று பேர் சொன்னால் பாஸ்தாவுக்கு நடுவிலேயே மெழுகுவத்தி வந்து நிற்கும்.

பில்லுக்கு வருவோம். மெனு விலைக்கு மேல் ஜிஎஸ்டி உண்டு. சாதாரண உணவகங்களில் 5 சதவீதம், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களில் 18 சதவீதம். பட்ஜெட்டை 18 வைத்தே போடுங்கள். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது.

இத்தாலியில் பிறந்தநாள்காரரே எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பது பரவலான வழக்கம். நம் வீடுகளில் மாமாவும் சித்தப்பாவும் பில்லைப் பிடித்து இழுப்பார்கள். யார் கொடுப்பதாக இருந்தாலும், கேக் வெட்டுவதற்கு முன்பே எழுந்துபோய்க் கவுன்டரில் கார்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.