வீட்டில் ஹட யோகம்: மூச்சு முடியும் இடம்தான் அளவு

பாளையங்கோட்டையில் 22 வருஷமாக பிளவுஸ் தைக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய மாதம் என்றால் காலை ஒன்பது மணிக்கு மெஷினில் உட்கார்ந்து இரவு பதினொன்றுக்குத்தான் எழுந்திருப்பேன். 43 வயதில் ஒருநாள், கீழே உருண்ட பாபினை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர முடியாமல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எலும்பில் பழுதில்லை, குறுக்குத் தசை இறுகிக் கிடக்கிறது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். போனில் ஒரு வீடியோவைப் போட்டு நானாகவே யோகா தொடங்கினேன். மூன்றாம் நாளே, தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம். கழுத்து பிடித்துக்கொண்டு எட்டு நாள் தலையைத் திருப்ப முடியவில்லை.

அதற்கப்புறம்தான் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரிடம் போனேன். முதல் நாள் அவர் பெரிய ஆசனம் ஒன்றும் சொல்லித் தரவில்லை. நின்றபடி கையைத் தூக்கி இறக்கச் சொன்னார். "கை மேலே போய்ச் சேரும்போது மூச்சும் முடியணும்மா. கை முந்தினாலும் தப்பு, மூச்சு முந்தினாலும் தப்பு." ஏழு வருஷமாகியும் எனக்கு அதுதான் அளவு. வீட்டில் தனியாகச் செய்கிறவருக்கு, தப்பைத் திருத்த ஆள் கிடையாது. மூச்சுதான் வாத்தியார். ஓர் ஆசனத்தில் மூச்சு திணறினாலோ, உங்களை அறியாமல் அதை அடக்கிக்கொண்டாலோ, உடம்பை அதன் அளவுக்கு மேல் இழுத்துவிட்டீர்கள். கொஞ்சம் பின்வாங்குங்கள்.

ஹட என்ற வடமொழிச் சொல்லுக்கே வலிமை, பலவந்தம் என்றுதான் பொருள். அதனால் உடம்பை முறுக்கிப் பிழிவதுதான் ஹட யோகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகை என்ற நூலில் விவரிக்கப்படும் ஆசனங்கள் மொத்தமே 15. அவற்றில் பெரும்பாலானவை உட்கார்ந்து செய்பவை. அசையாமல் படுத்திருக்கும் சவாசனமும் அந்தப் பதினைந்தில் ஒன்று. சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மூச்சை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சென்னையில் 1989 வரை வாழ்ந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் ஒவ்வொரு அசைவையும் மூச்சோடு சேர்த்துத்தான் கற்றுக்கொடுத்தார்.

முதலில் இடம். ஓர் ஆள் கை கால் நீட்டிப் படுக்கும் அளவு தரை போதும். பக்கத்தில் பத்தமடை இருப்பதால் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் கோரைப் பாய் உண்டு. படுத்துச் செய்ய அது நல்லது. ஆனால் மொசைக் தரையிலும் டைல்ஸிலும் வழுக்கும், அதன் மேல் நின்று எதுவும் செய்யாதீர்கள். நின்று செய்பவற்றை வெறும் தரையில் வெறுங்காலோடு செய்யுங்கள். படுத்துச் செய்ய, மடித்த ஜமுக்காளமே போதும். ஒரு துண்டு, கை வைக்காத நாற்காலி ஒன்று, சும்மா இருக்கும் ஒரு சுவர். வேறு செலவு வேண்டாம். நான் சுடிதார் பேன்ட்டில் செய்கிறேன். நைட்டி காலில் மாட்டும். புடவையில் குனிந்து நிமிர முடியாது.

நேரம் வெறும் வயிற்று நேரமாக இருக்க வேண்டும். காலை என்றால் வெந்நீர் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் தொடங்கலாம். மாலையில் செய்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி நேரமாவது போகட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யலாமா என்று முதலில் டாக்டரைக் கேளுங்கள். நடுவில் சர்க்கரை இறங்கினால் மயக்கம் வரும். ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், டிஸ்க் பிரச்சினை, எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் ஆகாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் கீழே சொல்வதைத் தொடங்க வேண்டாம்.

இனி பயிற்சி. எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது.

மடித்த ஜமுக்காளத்தின் விளிம்பில் சம்மணமிட்டு உட்காருங்கள். இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால்தான் முதுகு தானாக நிமிரும். முட்டி வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள், அதனால் எந்தக் குறையும் இல்லை. பத்மாசனத்துக்குக் காலை வளைத்து ஏற்ற வேண்டாம். இடுப்பு இளகாமல் காலை மட்டும் இழுத்தால் அடி வாங்குவது முட்டி. இரண்டு நிமிடம் மூக்கு வழியாக வந்துபோகும் மூச்சை மட்டும் கவனியுங்கள்.

எழுந்து நின்று, பாதங்களை ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கையையும் முன்பக்கமாகத் தலைக்கு மேல் தூக்கி, விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஆறு தடவை. அன்றைக்கு உங்கள் மூச்சு எவ்வளவு நீளம் என்று இதிலேயே தெரிந்துவிடும். தூக்கம் கெட்ட நாளில் என் கை பாதி தூரம் போகும்போதே மூச்சு முடிந்துவிடும். அன்று எல்லாவற்றையும் குறைத்துக்கொள்வேன்.

அடுத்தது குனிவது. "அக்கா, கால் விரலைத் தொடவே முடியல" என்று பிளவுஸ் கொடுக்க வருகிறவர்கள் சொல்லாத வாரமில்லை. தொட வேண்டியதே இல்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து குனிந்து கையை அதன் இருக்கையில் வையுங்கள். முட்டியைத் தாராளமாக மடக்கிக்கொள்ளுங்கள். தொடையின் பின்பக்கம் இறுகியிருக்கும்போது முட்டியை விறைப்பாக வைத்தால், அந்த இழுப்பு முழுக்கக் குறுக்கில் போய் விழும். மூச்சை இழுத்துக்கொண்டே நிமிருங்கள். நாலு தடவை.

பிறகு தரையில் கையும் முட்டியும் ஊன்றி மார்ஜாரி ஆசனம். மூச்சை விடும்போது பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை மேலே வளைத்து, இழுக்கும்போது நெஞ்சை முன்னால் கொண்டுவாருங்கள். ஆறு தடவை. முட்டிக்கு அடியில் துண்டு.

புஜங்காசனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் தப்பாகச் செய்வது இதைத்தான். குப்புறப் படுத்து, நெற்றியைத் தரையில் வைத்து, உள்ளங்கைகளை நெஞ்சுக்கு இரு பக்கமும் ஊன்றுங்கள். முழங்கை விலாவை ஒட்டியிருக்கட்டும். மூச்சை இழுத்துக்கொண்டே முதலில் தலை, பிறகு நெஞ்சு. தொப்புள் தரையிலேயே இருக்க வேண்டும். படத்தில் பார்த்த உயரத்துக்காகக் கையை உந்தி எழும்பினால் குறுக்கில் அழுத்தம் விழும், தோள் காதுக்கு ஏறிவிடும். நீங்கள் எழும்பிய உயரம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மேலே இருக்கும்போதே இரண்டு உள்ளங்கையையும் தரையிலிருந்து ஒரு விரல் கனம் தூக்குங்கள். நெஞ்சு அதே இடத்தில் நின்றால் அது முதுகின் பலம். சடாரென்று இறங்கினால் அதுவரை தாங்கியது கைதான். அது இறங்கி நின்ற இடமே இன்றைக்கு உங்கள் உயரம். எனக்கு முதல் மாதம் அது நாலு விரற்கடைதான் இருந்தது. மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக இறங்குங்கள், கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு மூச்சு ஓய்வு, பிறகு அடுத்தது. மூன்று தடவை போதும்.

பின்னால் வளைந்த முதுகை அப்படியே விட்டுவிடக் கூடாது. குதிகாலில் உட்கார்ந்து முன்னால் கவிழ்ந்து, நெற்றியைத் தரையிலோ அடுக்கிய கைகளின் மேலோ வைத்து ஐந்து மூச்சு இருங்கள். இதற்கு மாற்றாசனம் என்று பெயர். டீச்சர் இதை விட்டுவிட்டு அடுத்த ஆசனத்துக்கு என்னை ஒருநாளும் விட்டதில்லை.

மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, இழுக்கும் மூச்சில் இடுப்பைத் தூக்கி, விடும் மூச்சில் இறக்குவது சேது பந்தாசனம். நாலு தடவை. முடிந்ததும் இரண்டு முட்டியையும் கையால் பிடித்து வயிற்றுப் பக்கம் அணைத்து ஆறு மூச்சு. நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்த குறுக்கு இதில்தான் இளகும்.

அப்புறம் சவாசனம், ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். மோவாய் மேல்நோக்கித் தூக்கியிருந்தால் தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். ஃபேனைக் குறைத்துவிடுங்கள், உடம்பு சீக்கிரம் குளிரும். எழும்போது நேராக எழவே கூடாது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு 66 வயது. என்னோடு செய்த முதல் வாரம், குக்கர் விசில் கேட்டுச் சட்டென எழுந்தவருக்குக் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவரே எனக்குச் சொல்கிறார்: "வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படு, நாலு மூச்சு விடு, கையை ஊன்றி உட்கார், அப்புறம் நில்லு." அன்றிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இரண்டு பேரும் படுக்கிறோம்.

கடைசியில் உட்கார்ந்து நாடி சுத்தி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டை விரலால் வலது மூக்கை மூடி இடதில் இழுத்து, மோதிர விரலால் இடதை மூடி வலதில் விடுங்கள்; பிறகு வலதில் இழுத்து இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று. ஆறு சுற்று. மூக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள், ஊசியில் நூல் கோக்கும்போது பிடிக்கிற அளவு போதும். இழுக்க நாலு எண்ணினால் விட ஆறு எண்ணுங்கள். ஜலதோஷம் இருந்தால் விட்டுவிடுங்கள். மூச்சை உள்ளே நிறுத்திவைக்கும் கும்பகம், வயிற்றைச் சட்டென உள்ளிழுத்து மூச்சை விடும் கபாலபாதி இரண்டும் ஆசிரியர் எதிரில் கற்க வேண்டியவை. சிரசாசனமும் சர்வாங்காசனமும் அப்படித்தான். என் கழுத்து பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

வாரத்தில் ஐந்து நாள், மூன்று மாதம், இதையே செய்யுங்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். தசையில் மந்தமான இழுப்பு வரலாம். மூட்டில் குத்தலோ, காலில் இறங்கும் மின்னல் வலியோ, மரமரப்போ வந்தால் அன்றே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். தீபாவளி மாதத்தில் எனக்கு இருபத்தைந்து நிமிடம் கிடைக்காது. அப்போது கை தூக்கி இறக்குவது, மார்ஜாரி, முட்டியை அணைப்பது, சவாசனம், இந்த நாலு மட்டும். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஜமுக்காளத்தை மெஷினுக்குப் பக்கத்திலேயே மடித்து வைத்திருக்கிறேன்.