டிகிரி முடிச்சு வயசு ஏறிருச்சா? ராணுவ ஆபீசர் ஆக இன்னும் எந்தக் கதவு திறந்திருக்குன்னு பாருங்க

நம்ம மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி பக்கத்துல டிகிரிய கரெக்டா 21 வயசுல முடிக்கிற பசங்க கம்மி. அப்பாவுக்கு முடியாம போனா ஒரு வருசம் கடலுக்குப் போகணும், அக்கா கல்யாணக் கடன்னா ரெண்டு வருசம் ஐஸ் கம்பெனியிலயோ வளைகுடாவுலயோ ஓடணும், அப்புறம் வந்து அரியர் முடிச்சு டிகிரிய கைல வாங்கும்போது 23, 24 ஆயிரும். நானும் அப்படித்தான். அந்த நேரத்துல தான் ராணுவத்துல சிப்பாயா மட்டும் இல்ல, ஆபீசராவும் சேரலாம்னு தெரியவருது, ஊர்ல யார்கிட்ட கேட்டாலும் "வயசு போச்சுப்பா"ம்பாங்க, இல்லன்னா "வயசெல்லாம் பாக்க மாட்டாங்க, போய் பாரு"ம்பாங்க. ரெண்டுமே தப்பு. எந்தக் கதவு எந்த வயசு வரைக்கும் திறந்திருக்குன்னு தனித்தனியா இருக்கு, அத மொதல்ல தெரிஞ்சுக்காம ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, என் சித்தப்பா மகன் 26 வயசுல ஒரு கோச்சிங் சென்டர்ல சிடிஎஸ்ங்கற ஆபீசர் பரீட்சைக்குன்னு முழு பீஸும் கட்டிட்டான், அவன் பிறந்த தேதிக்கு அந்தப் பரீட்சை எழுதவே முடியாதுன்னு அங்க ஒருத்தரும் சொல்லல, நாலு மாசம் கழிச்சு அப்ளிகேசன் போட உக்காந்தப்ப தான் தெரிஞ்சது. சித்தி நகைய வெச்ச காசு அது.

சரி, விசயத்துக்கு வருவோம். சிடிஎஸ்ங்கறது யூபிஎஸ்சி வருசத்துக்கு ரெண்டு தடவ நடத்துற பரீட்சை, ஏப்ரல்ல ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணு. டேராடூன்ல இருக்குற ராணுவ அகாடமி ஐஎம்ஏ, கடற்படை அகாடமி, விமானப்படை அகாடமி இதுக்கெல்லாம் 24 வயசு வரைக்கும், நம்ம சென்னை பரங்கிமலைல இருக்குற ஆபீசர் ட்ரெய்னிங் அகாடமி ஓடிஏவுக்கு 25 வரைக்கும். இங்க தான் நெறைய பேரு ஏமாறுறாங்க. அந்த 25 நீங்க பரீட்சை எழுதுற அன்னிக்குப் பாக்குறது இல்ல, ட்ரெய்னிங் தொடங்குற சமயத்த ஒட்டி கணக்கு வெப்பாங்க, செப்டம்பர்ல எழுதினா ஓடிஏ ட்ரெய்னிங் தொடங்க கிட்டத்தட்ட ஒரு வருசம் ஆகும். அப்ப பரீட்சை எழுதும்போது உங்களுக்கு 24 முடிஞ்சு கொஞ்ச நாள் தான் ஆகியிருக்கணும். நோட்டிபிகேசன்ல "இந்தத் தேதிக்கு முன்னாடி பிறந்திருக்கக் கூடாது"ன்னு தெளிவா போட்டிருப்பான், உங்க பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்ல இருக்குற தேதிய அதோட வெச்சுப் பாருங்க. ஜாதகத் தேதியோ ஆதார் தேதியோ செல்லாது, பத்தாவது தான் கணக்கு. இன்னொண்ணு, சிடிஎஸ்ல பிசி, எஸ்சின்னு யாருக்கும் வயசுத் தளர்வு கிடையாது. கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது.

ஆர்ட்ஸ் படிச்சவங்களுக்கு ஒரு நல்ல சேதி, ஓடிஏவுக்கு மட்டும் எழுதினா மேத்ஸ் பேப்பர் கிடையாது. இங்கிலீஷ் 100, ஜிகே 100, அவ்ளோதான், அப்புறம் எஸ்எஸ்பின்னு அஞ்சு நாள் நடக்குற இன்டர்வியூ 200. தப்பான பதிலுக்கு மூணுல ஒரு பங்கு மார்க் போகும், அதனால குருட்டடி அடிக்காதீங்க. பரீட்சை பீஸ் 200 ரூபா, பொண்ணுங்களுக்கும் எஸ்சி எஸ்டி பசங்களுக்கும் அதுவும் இல்ல. தேறினா 49 வாரம் பரங்கிமலைல ட்ரெய்னிங், மாசம் 56,100 ஸ்டைபண்ட், வெளிய வரும்போது லெப்டினன்ட். சர்வீஸ் 10 வருசம், 14 வரைக்கும் நீட்டிக்கலாம்.

காலேஜ்ல என்சிசி 'சி' சர்டிபிகேட் வாங்கி டிகிரில 50 சதவீதம் வெச்சிருக்கீங்களா? உங்களுக்கு எழுத்துப் பரீட்சையே இல்ல, நேரா எஸ்எஸ்பி, வயசு 25 வரைக்கும். நம்ம ஊர் பசங்க நெறைய பேரு அந்த சர்டிபிகேட்ட பெட்டிக்குள்ள வெச்சுட்டு கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க, அத நெனச்சா இன்னிக்கும் மனசு ஆறல.

25 தாண்டினவங்க கவனிங்க. இன்ஜினியரிங் படிச்சிருந்தா ராணுவத்துல டிஜிசி (டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ்), எஸ்எஸ்சி டெக் (குறுகிய கால சர்வீஸ்)னு ரெண்டு வழி, ரெண்டுமே 27 வரைக்கும், அதுலயும் எழுத்துப் பரீட்சை இல்ல, டிகிரி மார்க்க வெச்சு எஸ்எஸ்பிக்கு கூப்பிடுவாங்க. சட்டம் படிச்சவங்களுக்கு ராணுவ சட்டப் பிரிவான ஜேக் என்ட்ரி, அதுவும் 27, எல்எல்பில 55 சதவீதம் வேணும். விமானப்படைல பறக்காத வேலையான கிரவுண்ட் டியூட்டிக்கு ஏஎப்கேட்ங்கற பரீட்சை எழுதலாம், 26 வரைக்கும். எம்பிபிஎஸ் முடிச்ச டாக்டருங்களுக்கு 30, பிஜி முடிச்சிருந்தா 35 வரைக்கும் ராணுவ மருத்துவப் பிரிவு இருக்கு. பணில இருக்கும்போது இறந்துபோன ராணுவ வீரரோட மனைவிக்கு 35 வயசு வரைக்கும் ஓடிஏல வழி இருக்கு, இத கட்டாயம் நாலு பேருக்குச் சொல்லுங்க, நம்ம மாவட்டத்துல ராணுவத்துக்குப் பசங்கள அனுப்புன ஊரு எத்தனையோ இருக்கு, அந்த வீட்டுப் பொண்ணுங்களுக்கு இது தெரியாமலே வயசு கடந்துருது.

மண்டபத்துல தினம் பாக்குற கோஸ்ட் கார்டும் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ தான் வருது. அதுல அசிஸ்டென்ட் கமாண்டன்ட் ஜெனரல் டியூட்டிக்கு 25, ஆனா ஓபிசிக்கு 3 வருசம், எஸ்சி எஸ்டிக்கு 5 வருசம் தளர்வு உண்டு. பன்னெண்டாவதுல மேத்ஸ் பிசிக்ஸ் படிச்சிருக்கணும். பிஎஸ்எப், சிஆர்பிஎப் மாதிரி படைங்களுக்கு யூபிஎஸ்சி நடத்துற அசிஸ்டென்ட் கமாண்டன்ட் பரீட்சைலயும் இதே தளர்வு, அது ராணுவம் இல்ல, ஆனா அதுவும் யூனிபார்ம் தான், அதுவும் ஆபீசர் தான். ரெண்டுக்கும் மத்திய அரசு மாதிரில ஓபிசி சர்டிபிகேட் வேணும், நம்ம தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சர்டிபிகேட்ட அப்படியே நீட்டினா எடுக்க மாட்டாங்க, இ-சேவைல தனியா அப்ளை பண்ணி முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கோங்க.

முப்பத தாண்டியாச்சா, கல்யாணம் ஆகி பிள்ளையும் இருக்கா? அப்பவும் ஒரு கதவு இருக்கு. டெரிடோரியல் ஆர்மி. 18லருந்து 42 வரைக்கும். 1949 அக்டோபர் 9ல ராஜாஜி கவர்னர் ஜெனரலா இருந்தப்ப அவர் தொடங்கி வெச்சது இது. டிகிரி இருக்கணும், சொந்தமா ஒரு வேலையோ தொழிலோ இருக்கணும், அந்த வருமானத்துக்கு ஆதாரம் காட்டணும். அது முழுநேர வேலை கிடையாது, இத நல்லா மனசுல வாங்கிக்கோங்க, உங்க தொழில பாத்துக்கிட்டே வருசத்துல ரெண்டு மாசம் ட்ரெய்னிங் போகணும், தேவைப்பட்டா கூப்பிட்டு வேலைல வெப்பாங்க, அந்த நாளுக்கு சம்பளம் உண்டு. பரீட்சைல ரீசனிங், கணக்கு, ஜிகே, இங்கிலீஷ்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் 40 சதவீதம், மொத்தமா 50 சதவீதம் எடுக்கணும். இடம் ரொம்ப கம்மி. எனக்கு இப்ப 31, மீன் கம்பெனில கணக்கு பாக்குறேன், நான் இதுக்குத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

எப்ப படிக்கிறதுன்னு கேப்பீங்க. விசைப்படகுக்குப் போறவங்களுக்கு ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், செப்டம்பர் சிடிஎஸ்க்கு நோட்டிபிகேசன் வர்றது பெரும்பாலும் அந்த நாள்லதான். வலை பின்னுற வேலை காலைல முடிஞ்சிரும், மிச்ச நேரத்த இதுக்குக் கொடுங்க. பழைய வினாத்தாள் யூபிஎஸ்சி சைட்லயே சும்மா கிடைக்குது, பத்து தாள போட்டுப் பாத்தாலே எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிரும்.

இப்ப எஸ்எஸ்பி. இதுக்குத்தான் எல்லாரும் பயப்படுறோம். அஞ்சு நாள், மொத நாள் ஸ்கிரீனிங்லயே பாதிக்கு மேல வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அதுல நின்னா மறுநாள் எழுத்து வேலை, ஒரு படத்த 30 செகண்ட் காட்டி 4 நிமிசத்துல கதை எழுதச் சொல்லுவாங்க, இப்படி 11 படம், கடைசில வெத்துப் படம் ஒண்ணு, ஆக 12. அப்புறம் 60 வார்த்தை, ஒவ்வொண்ணப் பாத்ததும் மனசுல தோணுற வாக்கியத்த எழுத 15 செகண்ட். அப்புறம் 60 சூழ்நிலை, அதுல நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எழுதணும், மொத்தம் 30 நிமிசம். யோசிச்சு ஜோடிக்க நேரமே இருக்காது, உங்க உள்ள இருக்குறது தான் வெளிய வரும். வயசு ஏறிப் போறவங்களுக்கு இங்கதான் பலம் இருக்குங்கறது என்னோட நம்பிக்கை. காத்து மாறி இஞ்சின் நின்னப்ப என்ன பண்ணீங்க, மீனுக்கு வெல விழுந்தப்ப அம்மாவ எப்படி சமாதானம் பண்ணீங்க, இதெல்லாம் இருபது வயசு பையன்கிட்ட இருக்காது. யூடியூப்ல யாரோ சொன்ன கதைய மனப்பாடம் பண்ணி எழுதாதீங்க, நான் அந்தத் தப்ப பண்ணேன், எழுத்துல தேறி அஞ்சு நாளும் நின்னு கடைசி கான்பரன்ஸ்ல, அதாவது அதிகாரிங்க சேந்து உக்காந்து முடிவு பண்ற இடத்துல, வெளிய வந்தேன்.

படிப்புல விழுந்த இடைவெளிய மறைக்காதீங்க. இன்டர்வியூல அந்த ரெண்டு வருசம் என்ன பண்ணீங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க, "ஐஸ் கம்பெனில வேலை பாத்தேன், வீட்டுக் கடன அடைச்சேன்"னு நேரா சொல்லுங்க. சொந்த ஊரப் பத்தியும் துருவுவாங்க. உச்சிப்புளில இருக்குற கடற்படை விமானதளம் ஐஎன்எஸ் பருந்து, 1974 கச்சத்தீவு ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம், 1914ல வந்த பழைய பாம்பன் பாலம், 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம் எப்படி மேல தூக்குது, நம்ம படகு எல்லை தாண்டுறது எதனால, இதெல்லாம் நீங்க தெளிவா பேசணும். பக்கத்துல இருக்குறதே தெரியலன்னா வேற என்ன கேப்பாங்க? இங்கிலீஷ் பெருசா இருக்க வேணாம், சின்னச் சின்ன வாக்கியமா, நிறுத்தாம பேசினா போதும், தினம் சாயங்காலம் கடற்கரைல ரெண்டு பேரு சேந்து அரைமணி நேரம் இங்கிலீஷ்லயே பேசுங்க, யாரு சிரிச்சாலும் சரி.

வெளிய வந்தா இடிஞ்சு போகாதீங்க, ராமேஸ்வரத்துல பிறந்த கலாம் அய்யா இன்ஜினியரிங் முடிச்சுட்டு விமானப்படைக்கு டேராடூன் போனப்ப 25 பேருல ஒன்பதாவதா வந்தாரு, எடுத்தது எட்டு பேரு. அவரே 2006ல புனேல சுகோய் போர் விமானத்துல பறந்தாரு, அப்ப முப்படைக்கும் தலைவரு அவருதான்.

மெடிக்கல் பத்தி ஒண்ணு ரெண்டு. காது அழுக்கு, சொத்தைப் பல்லு, மூக்குத்தண்டு வளைவு, ஹைட்ரோசில், வெரிகோஸ், முட்டி ஒட்டுறது, தட்டைப் பாதம் இதெல்லாம் முன்னாடியே ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க, சரி பண்ணக்கூடியத சரி பண்ணிட்டுப் போங்க. தற்காலிகமா நிராகரிச்சா 42 நாளுக்குள்ள அப்பீல் மெடிக்கல் இருக்கு, அன்னிக்கே அழுதுட்டு ரயில் ஏறிராதீங்க. ஓட்டம் 2.4 கிலோமீட்டர் 10 நிமிசம் 30 செகண்ட்ல வரணும், மணல்ல பழகுங்க, ஆனா வாரத்துல ரெண்டு நாள் தார் ரோட்டுலயும் ஓடுங்க, மணல் கால் வேற, ரோட்டுக் கால் வேற. நீச்சல் நமக்கு சொல்லித்தர வேண்டியதில்ல.

பேரு விசயத்துல ரொம்ப சாக்கிரதை. பத்தாவதுல இனிசியல் முன்னாடி, ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி, டிகிரில வேற எழுத்துன்னு நம்ம ஊர்ல பாதி பேருக்கு இருக்கு. பத்தாவது சர்டிபிகேட்ல எப்படி இருக்கோ அப்படியே மத்தத மாத்துங்க, அதுக்கு மாசக்கணக்குல ஆகும், நோட்டிபிகேசன் வந்தப்புறம் ஓடினா நடக்காது. யாராவது "எனக்கு ஆபீசர தெரியும், இவ்ளோ கொடு"ன்னு வந்தா வாசல்லயே அனுப்பிருங்க. சந்தேகம்னா ராமநாதபுரத்துல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, ஊர்ல ரிட்டயர் ஆன சுபேதார் யாராவது இருப்பாரு, அவங்கள போய் பாருங்க.

பரீட்சை சென்டருக்கு மதுரைய போடுங்க. காலைல மொத பஸ்ஸ நம்பி கெளம்பாதீங்க, அரைமணி நேரம் முன்னாடி கேட்ட சாத்திருவாங்க, அப்புறம் யாரு சொன்னாலும் திறக்க மாட்டாங்க, மொத நாள் ராத்திரியே போய் தங்கிருங்க.