டைனமிக் குவெரி பார்சரில் பிட்வைஸ் ஆப்பரேட்டர் சேர்ப்பது எப்படி?

"அனுமதி & 4 == 4" என்று ஸ்ட்ரிங்காக வரும் ஃபில்டரை எக்ஸ்பிரஷன் ட்ரீயாக (கோவையை மர வடிவில் வைக்கும் தரவு) மாற்றி டேட்டாபேஸுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் வேலை. சி ஷார்ப்பில் கையால் எழுதிய ரிகர்ஸிவ் டிசென்ட் பார்சர் (இலக்கண விதிக்கு ஒரு மெத்தட், அவை ஒன்றையொன்று அழைக்கும்) ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். பார்சர் ஜெனரேட்டர் பக்கம் போகாதீர்கள், இந்த அளவு இலக்கணத்துக்குக் கையால் எழுதியதுதான் டீபக் செய்யச் சுலபம்.

முதலில் டோக்கனைசர், அதாவது ஸ்ட்ரிங்கைப் பெயர், எண், குறி என்று துண்டாக்கும் பகுதி. & வந்ததும் அடுத்த எழுத்தை எட்டிப் பாருங்கள்; அதுவும் & என்றால் லாஜிக்கல், இல்லையென்றால் பிட்வைஸ் (எண்களைப் பிட் பிட்டாகச் சேர்ப்பது). | குறிக்கும் இதே கதைதான். < வந்தால் <=, << இரண்டையும் சோதிக்க வேண்டும்; > வந்தாலும் அப்படியே.

அடுத்து முன்னுரிமை. இங்கே நிதானமாகப் போங்கள். சி, சி ஷார்ப் இரண்டிலுமே & குறியைவிட == முந்திக்கொள்ளும், அதனால் மேலே உள்ள ஃபில்டர் "அனுமதி & (4 == 4)" ஆகிவிடும். அனுமதி 6 என்றால் நமக்கு வேண்டியது 6 & 4, அதாவது 4, விடை சரி; சி-யிலோ 4 == 4 என்பது 1 என்பதால் அது 6 & 1 ஆகி, 0 வந்து, சத்தமில்லாமல் தப்பான விடை கிடைக்கும். (சி ஷார்ப்பில் டைப் பிழையாவது வரும்.) && வருவதற்கு முன் & தான் நிபந்தனைகளில் லாஜிக்கல் வேலையையும் பார்த்தது, பழைய நிரல்களுக்காக அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டார்கள். புதிய ஃபில்டர் மொழிக்கு அந்தச் சுமை எதற்கு? பைத்தான் வரிசைதான் என் தேர்வு (இடமிருந்து வலமாக முன்னுரிமை கூடும், ^ என்பது எக்ஸார்):

ஒப்பீடு → | → ^ → & → ஷிஃப்ட் → கூட்டல், கழித்தல்

ஒவ்வொன்றுக்கும் ஒரு மெத்தட். முன்பு கூட்டலை அழைத்த ஒப்பீட்டு மெத்தட் இனி | மெத்தடை அழைக்கும், அவ்வளவுதான். ~ யூனரி மைனஸோடு சேரட்டும்.

அப்புறம் ட்ரீ. எக்ஸ்பிரஷன்.அண்ட் பயன்படுத்துங்கள், அண்ட்ஆல்ஸோ அல்ல, அது && குறிக்கானது. ஈனம் (enum, பெயரிட்ட எண் மதிப்புகள்) டைப்பை நேராகக் கொடுத்தால் அந்த டைப்புக்கு ஆப்பரேட்டரே இல்லை என்று எக்ஸெப்ஷன் வரும், ஆகவே இரண்டு பக்கத்தையும் எக்ஸ்பிரஷன்.கன்வர்ட் மூலம் அடிப்படை இன்டிஜர் டைப்புக்கு மாற்றிவிட்டு அண்ட் போடுங்கள். ஷிஃப்டில் வலப்பக்கம் 32 பிட் இன்டாக இருக்க வேண்டும், லாங் ஏற்காது.

பின்சேர்க்கை: ^ போட்டால் போஸ்ட்கிரெஸில் வேறு விடை வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். எஸ்கியூஎல்லை நீங்களே ஸ்ட்ரிங்காகக் கட்டினால் அப்படித்தான் ஆகும்: அங்கே ^ என்பது அடுக்கு, எக்ஸாருக்கு # போட வேண்டும். எஸ்கியூலைட்டில் எக்ஸார் குறியே கிடையாது, (அ | ஆ) - (அ & ஆ) என்று எழுதிக்கொள்ளுங்கள்.