மாசமா இருக்குறப்ப எடுக்குற ரத்த ரிப்போர்ட்ட எப்டி படிக்கிறது, அதுக்கேத்த மாதிரி என்ன சாப்பிடுறது

நம்ம மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மாசமா இருக்குற பொண்ணுங்க ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒரு வரிய மட்டும்தான் தேடுறாங்க, ரத்தம் எவ்ளோ இருக்குன்னு. 9.4ன்னு இருந்துச்சுன்னா அன்னைக்கே மாமியா பீட்ரூட் அரைக்க ஆரம்பிச்சிருவாங்க, புருஷன் மாதுளம்பழம் வாங்கிட்டு வந்துருவாரு, அடுத்த மாசம் பாத்தா அதே 9.4 தான் நிக்கும். பீட்ரூட்டு, மாதுள ரெண்டுலயுமே 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புச்சத்து கூட கெடையாது, கலரு மட்டும்தான் ரத்த கலரு. மாசமா இருக்குறவங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 27 மில்லிகிராம்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐசிஎம்ஆர் சொல்லுது. ஜூஸ் குடிக்காதீங்கன்னு சொல்லல, அத நம்பி இரும்பு மாத்திரைய விட்டுறாதீங்கன்னுதான் சொல்றேன்.

நான் லேப்ல ரத்தம் எடுக்குற வேலை பாக்குறேன், டாக்டர் இல்ல. மருந்து என்ன போடணும்னு சொல்ற வேலை டாக்டரோடது. ஆனா ரிப்போர்ட்ல எந்த வரிய பாக்கணும், டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு போனீங்கன்னா அந்த ரெண்டு நிமிசத்துல உருப்படியா பேசிட்டு வரலாம்.

மொதல்ல ஹீமோகுளோபின், ரத்தம் எவ்ளோன்னு எல்லாரும் தேடுற வரி இதுதான். மாசமா இருக்குறப்ப 11க்கு மேல இருந்தா சரி, 10ல இருந்து 10.9 வரைக்கும் லேசான சோகை, 7ல இருந்து 9.9 வரைக்கும் நடுத்தரம், 7க்கு கீழன்னா வீட்டுல வச்சு வைத்தியம் பாக்குற விஷயமே இல்ல, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிரணும். இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, நாலாம் மாசத்துல இருந்து ஒடம்புல ரத்தத்தோட தண்ணிப் பகுதி வேகமா கூடும், செவப்பணு அந்த வேகத்துக்கு கூடாது, அதனால ஆரம்பத்துல 12 இருந்த புள்ளைக்கு ஆறாம் மாசம் 11ன்னு வந்தா பதறாதீங்க, அது எல்லாருக்கும் வர்ற எறக்கம்தான். 11க்கு கீழ போனா தான் கவனிக்கணும். இன்னொண்ணு, வெரல்ல குத்தி எடுத்த டெஸ்டையும் நரம்புல எடுத்த டெஸ்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடாதீங்க. வெரல போட்டு அமுக்கி பிழிஞ்சா ரத்தத்தோட சதையில இருக்குற நீரும் சேர்ந்து வரும், நம்பர் கொறைச்சலா காட்டும்.

இப்ப எல்லாரும் தாண்டிப் போற வரிக்கு வர்றேன். சிபிசின்னு சொல்ற ரத்த அணுக்கள எண்ணுற ரிப்போர்ட்ல எம்சிவின்னு ஒண்ணு இருக்கும், அது செவப்பணுவோட சைஸு. 80ல இருந்து 100 வரைக்கும் நார்மல். 80க்கு கீழன்னா அணு சின்னதா இருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் இரும்புச்சத்து கொறைச்சல், ஆனா எல்லா நேரமும் அது இல்ல. பெரியபட்டினம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா மூணு ரிப்போர்ட்ட கேரி பேக்ல போட்டு கொண்டு வந்தாங்க, மூணுலயும் ரத்தம் 10.2 பக்கத்துலயே நிக்குது, மாத்திரைய ஒரு நாள் கூட விடல, "நீ சரியா முழுங்க மாட்டேங்குற"ன்னு வீட்டுல தெனம் ஏச்சு வாங்கிருக்காங்க. எம்சிவி 64, செவப்பணு எண்ணிக்கை 5.2. எம்சிவிய எண்ணிக்கையால வகுத்தா 12.3 வருது. 13க்கு கீழ வந்தா தலசீமியா கேரியரா இருக்கலாம்னு ஒரு சந்தேகம் வரணும். தலசீமியாங்கிறது ஹீமோகுளோபின் சரியா உருவாகாத பரம்பரை நோய், கேரியர்னா அந்தக் கொறைய அம்மா அப்பா ரெண்டு பேருல ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வாங்கிருக்குறவங்க. இரும்புச்சத்து கொறைச்சலா இருந்தா அணுவோட எண்ணிக்கையும் சேர்ந்து கொறையும், எம்சிவி 72, எண்ணிக்கை 4ன்னு வச்சுக்கங்க, வகுத்தா 18 வரும். இது ஒரு குறிப்பு தான், முடிவு கெடையாது, முடிவு பண்ண ஹெச்பிஎல்சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அந்த அக்காவுக்கு டாக்டர் அத எழுதிக் குடுத்து பாத்ததுல கேரியர்னே வந்துச்சு. கேரியரா இருக்குறது வியாதி இல்ல, ஆனா புருஷனும் கேரியரா இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு பெரிய தலசீமியா வர்றதுக்கு இருக்கு, அதனால ஆம்பளைங்களும் ரத்தம் குடுக்கணும், அதுவும் சொந்தத்துலயே கட்டிக்கிட்டவங்க இத தள்ளிப் போடவே கூடாது. கேரியருன்னு தெரிஞ்சதும் நீங்களா இரும்பு மாத்திரைய நிறுத்திறாதீங்க, கேரியரா இருக்குறவங்களுக்கு இரும்புக் கொறைச்சலும் சேர்ந்து இருக்கலாம்.

எம்சிவி 100க்கு மேல போனா பி12, ஃபோலிக் ஆசிட் பக்கம் பாக்கணும். மீன், முட்டை சாப்பிடுற வீடுகள்ல பி12 அவ்வளவா கொறையாது, ராமேஸ்வரத்துல சைவமா இருக்குற குடும்பங்க பாலு, தயிரு ஒழுங்கா சேக்கணும், சக்கரைக்கு குடுக்குற மெட்ஃபார்மின் மாத்திரைய ரொம்ப நாளா போடுறவங்களும் பாத்துக்கணும். பி12 200க்கு கீழன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க.

ஃபெரிட்டின்னு இன்னொரு டெஸ்ட். இது ஒடம்புல சேத்து வச்சிருக்குற இரும்பு, ரத்தத்துல ஓடுறது கைச்செலவு காசுன்னா இது பேங்க்ல கெடக்குற காசு. ஹீமோகுளோபின் 11.2 இருக்கும், ஃபெரிட்டின் 9 இருக்கும், அப்ப பேங்க் காலின்னு அர்த்தம், இன்னும் கொஞ்ச நாள்ல கைச்செலவுக்கும் இருக்காது. 15க்கு கீழன்னா சந்தேகமே வேணாம், நெறைய டாக்டருங்க 30க்கு கீழயே வைத்தியம் ஆரம்பிச்சிருவாங்க. காய்ச்ச, சளி, யூரின் இன்ஃபெக்ஷன் இருக்குறப்ப இத எடுக்காதீங்க, ஒடம்புல அழற்சி இருந்தா ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும், எடுத்தே ஆகணும்னா அழற்சி இருக்கான்னு காட்டுற சிஆர்பி டெஸ்டையும் சேத்து எடுக்க சொல்லுங்க.

மாத்திரை விஷயத்துலதான் நெறைய பேருக்கு வீணாப் போகுது. சுகாதார நிலையத்துல குடுக்குற செவப்பு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கு, நாலாம் மாசத்துல இருந்து கொறைஞ்சது 180 நாள், புள்ள பெத்த பெறகு இன்னொரு 180 நாள். பெத்த பெறகு போடுறத முக்கால்வாசி பேரு விட்டுறாங்க, அப்பதான் ரத்தம் போயி ஒடம்பு காலியா இருக்கும். டீயோட முழுங்காதீங்க, டீ காப்பி குடிச்சு ஒரு மணி நேரமாவது போகட்டும், முழுங்குன பெறகும் அதே மாதிரி. கால்சியம் மாத்திரைய இதோட சேத்து போடவே கூடாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும், காலைல மதியம் கால்சியம், ராத்திரி படுக்கப் போறப்ப இரும்புன்னு வச்சுக்கிட்டா கொழப்பமே இல்ல. எலுமிச்ச தண்ணியோ ஒரு நெல்லிக்காயோ கூட சேந்தா நல்லா பிடிக்கும். வெளிக்கி கருப்பா போகும், அதுக்கு பயப்படாதீங்க. கொமட்டுனா நிறுத்தாம நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க, வேற மாத்திரை மாத்தித் தருவாங்க. சரியா போட்டா நாலு வாரத்துல ஒரு கிராமாவது ஏறணும், ஏறலன்னா "ஏன் ஏறல"ன்னு வாயத் தொறந்து கேளுங்க, பூச்சி மாத்திரை மூணு மாசம் தாண்டி போட்டாச்சா, தலசீமியா பாக்கணுமா, இரும்பு ட்ரிப் ஏத்தணுமான்னு அவங்க பாப்பாங்க.

சாப்பாடுன்னு வந்தா நமக்கு கடல் இருக்கு, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. நல்ல மீனு கம்பெனிக்கு போயிருது, மிச்சத்துல ஆம்பளைங்களும் புள்ளைங்களும் சாப்பிட்டு, மாசமா இருக்குற மருமகளுக்கு கொழம்பும் வாலுத் துண்டும். ரெண்டு துண்டு அவளுக்குன்னு மொதல்லயே எடுத்து வைங்க. வெல கூடுன மீனு வேணும்னு இல்ல, சூடை, சாளை, நெத்திலி, காரல் போதும், முள்ளோட சாப்பிடுற பொடி மீன்ல கால்சியமும் கெடைக்கும். முருங்கக்கீரைல இரும்பு இருந்தாலும் தனியா தின்னா ஒடம்புல கொஞ்சம்தான் பிடிக்கும், அதே கீரைப் பொரியல மீன் கொழம்போட சேத்து சாப்பிட்டா கீரையோட இரும்பும் கூடப் பிடிக்கும், கொழம்புல இருக்குற புளி தக்காளியும் ஒதவும். கருவாடு நல்லதுதான், ஆனா பிபி இருக்குறவங்களுக்கு அந்த உப்பு ஆகாது. ஆட்டு ஈரல மொத மூணு மாசம் தொடாதீங்க, அதுல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம்.

பால் ஊறணும்னு புள்ள பெத்தவளுக்கு சுறாப்புட்டு குடுக்குறது நம்ம ஊர்ல வழக்கம். சுறாவுல பாதரசம் மத்த மீன விட கூடுதலா சேரும், பெருசாக பெருசாக இன்னும் கூடும், மாசமா இருக்குறப்பவும் பால் குடுக்குறப்பவும் அத தவிர்க்கிறது நல்லது. அதுக்குப் பதிலா காரல் சொதி வைங்க, அதுவும் நம்ம பாட்டிமாரு பக்குவம்தான்.

கருப்பட்டி பத்தி ஒண்ணு சொல்லணும். சக்கரைதான் ஆகாது கருப்பட்டி ஆகும்னு நெறைய பேரு நம்புறாங்க, ரத்த சக்கரைக்கு ரெண்டும் ஒண்ணுதான். 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்குற டெஸ்ட்ல 140ஓ அதுக்கு மேலயோ வந்தா கர்ப்ப கால சக்கரை. வெறும் வயித்தோட போகணும்னு கட்டாயம் இல்ல. மொத தடவ சரியா இருந்தாலும் 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள திரும்ப எடுக்கணும், அத விட்டுறாதீங்க.

அப்பறம் உப்பு. உப்பளத்துல இருந்து நேரா மூட்டையில வர்ற கல்லுப்புலயே சமைக்கிற வீடு வாலிநோக்கம் பக்கம் இன்னும் இருக்கு. கடல் தண்ணியில இருந்து வந்தாலும் அதுல அயோடின் கிட்டத்தட்ட இல்லன்னே சொல்லலாம். மாசமா இருக்குறவங்களுக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் வேணும், வயித்துல இருக்குற புள்ளையோட மூளை வளர்றதுக்கு. அயோடின் கலந்த உப்பு வாங்கி, கொழம்பு எறக்குறப்ப போடுங்க, உப்பு டப்பாவ மூடி வைங்க. தைராய்டு பாக்குற டிஎஸ்ஹெச் டெஸ்டும் ஒரு தடவ எடுத்துருங்க, மொத மூணு மாசத்துல 4க்கு மேல இருந்தா டாக்டர பாக்கணும்.

புள்ளைக்கு வருவோம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், அதுக்குப் பெறகு அம்மா வயித்துல இருந்து கொண்டு வந்த இரும்பு தீந்துரும், அப்ப வெறும் சாதக்கஞ்சி, பிஸ்கட்டுன்னு குடுத்தா சோகைதான் வரும். முள்ளு நல்லா எடுத்து மசிச்ச மீனு, முட்டை, பருப்பு, அங்கன்வாடி சத்துமாவு இதெல்லாம் ஆறு மாசம் முடிஞ்சதுமே ஆரம்பிங்க. நர்ஸம்மா குடுக்குற இரும்பு சிரப்பு வாரத்துக்கு ரெண்டு தடவ ஒரு மில்லி. ஒரு வயசுக்கு மேல மாட்டுப்பால் அரை லிட்டருக்கு மேல வேணாம், வயித்த ரொப்பிரும், வேற எதுவும் எறங்காது. டீ குடுக்கவே குடுக்காதீங்க.

கடக்கர புள்ளைங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு, யாரும் கேக்குறதே இல்ல. வலையில கட்டுற ஈயக்குண்டு. அத வீட்டு அடுப்புல உருக்குறது, பல்லால கடிச்சு இறுக்குறது, புள்ளைங்க அத வாயில போட்டு வெளையாடுறது எல்லாமே நடக்குது. ஈயம் ஒடம்புல ஏறுனா ஹீமோகுளோபின் உருவாகுறதயே தடுக்கும், எம்சிவியும் கொறையும், பாக்க இரும்புக் கொறைச்சல் மாதிரியே இருக்கும், போதாததுக்கு இரும்பு கொறைஞ்ச ஒடம்பு ஈயத்த கூடுதலா உறிஞ்சும். சிரப்பு ஒழுங்கா குடுத்தும் புள்ளைக்கு ரத்தம் ஏறல, வீட்டுல வலை வேலை நடக்குதுன்னா "ரத்தத்துல ஈயம் பாக்கணுமா"ன்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருந்தா எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும். குண்டு உருக்குறத வீட்டுக்கிட்ட, புள்ளைங்க இருக்குற எடத்துல வச்சுக்காதீங்க, மாசமா இருக்குறவங்க அந்தப் பக்கமே போக வேணாம், வலை வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டு கைய கழுவிட்டு, சட்டைய மாத்திட்டு புள்ளைய தூக்குங்க.